வார்டுக்குப் போறீங்களா... ஒரு நிமிஷம்!

ஆக்குபேஷனல் தெரபி மாணவர்களின் 'ஃபீல்டு ஒர்க்' - உள்ளே ஒரு ரவுண்டு

'என்னம்மா படிக்கிறே?'

'ஓ.டி. படிக்கிறேன் ஆன்ட்டி.'

'அட, ஆபரேஷன் தியேட்டர்லயா? ரத்தமெல்லாம் பார்த்தா பயமா இல்லையா?'

கல்யாண வீடு, பஸ் ஸ்டாப், ரயில் பயணம்... எங்கே போனாலும் ஆக்குபேஷனல் தெரபி மாணவர்களை விடாமல் துரத்தும் டயலாக் இது. பொறுமையாக விளக்கினால், 'ஓ... தொழில்வழிச் சிகிச்சையா? அப்ப ஊனமுற்றவங்களுக்கு வேலை வாங்கித் தருவீங்களா?' என்று அடுத்த பந்து வரும். அதையும் சமாளித்தால், 'புரிஞ்சுபோச்சு, பிசியோதெரபி!' என்று சிக்ஸர் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

உங்களுக்காவது சரியாகச் சொல்லிவிடுவோம். ஆக்குபேஷன் என்றால் இங்கே சம்பள வேலை மட்டும் அல்ல. பல் தேய்ப்பது, சட்டைக்குப் பட்டன் போடுவது, சோறு பிசைந்து சாப்பிடுவது, கோலம் போடுவது, பஸ் ஏறுவது, பரீட்சை எழுதுவது, பேரனைத் தூக்கிக் கொஞ்சுவது... ஒரு மனுஷனின் நாளை நிரப்பும் அத்தனையும் ஆக்குபேஷன்தான். நோய், விபத்து, பிறவிக் குறைபாடு, மனநோய் என ஏதோ ஒன்று வந்து இதில் சிலதைப் பறித்துக்கொண்டு போனால், அதைத் திரும்ப வாங்கித் தருகிற சிகிச்சைதான் ஓ.டி. 'கை எவ்வளவு தூரம் மடங்குது?' என்பதோடு விடாமல், 'மடங்கின கை சோத்தை வாய்க்குக் கொண்டு போகுதா?' என்று கேட்கிற படிப்பு.

இதைப் புத்தகத்தை வைத்து மட்டும் கற்றுக்கொள்ள முடியாது. அதனால்தான் ஃபீல்டு ஒர்க். நம்ம பசங்க பாஷையில், போஸ்டிங். நீங்கள் முதல்முறை வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வார்டுக்குள் நுழையப் போகிறவரா? இல்லை, 'ப்ளஸ் டூவுக்கு அப்புறம் இதைப் படிக்கலாமா?' என்று யோசிக்கிறவரா? இந்தப் பக்கம் உங்களுக்குத்தான்.

ஆயிரம் மணி நேரக் கணக்கு

உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகள் கூட்டமைப்பு ஒரு குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது. எந்த நாட்டில் படித்தாலும் சரி, பட்டம் வாங்குவதற்குள் ஒரு மாணவர் 1,000 மணி நேரமாவது நேரடிக் களப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 6 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள் என்று போட்டுப் பாருங்கள். 33 வாரத்தைத் தாண்டிவிடும். ஒரு வருஷத்தில் பாதிக்கு மேல் ஆஸ்பத்திரியிலும் சிறப்புப் பள்ளியிலும் வீட்டு வாசல்களிலும்தான்!

இவ்வளவு நேரம் எதற்கு? வகுப்பில் 'பக்கவாதம்' என்பது ஒரு பாடம். வார்டில் அது 58 வயது மளிகைக்கடைக்காரர். அவருக்கு கடைச் சாவி கவலை, மகள் கல்யாணக் கவலை, 'பொம்பளப் புள்ள எனக்கு வேட்டி கட்டிவிடுறதா?' என்ற கூச்சம், எல்லாம் உண்டு. புத்தகத்தில் இந்தக் கூச்சத்துக்கு அத்தியாயம் கிடையாது.

முதல்ல ஒரு டீ போடுங்க!

போஸ்டிங்குக்கு முன்னால் எல்லா ஓ.டி. மாணவர்களும் கற்றுக்கொள்வது 'ஆக்டிவிட்டி அனாலிசிஸ்'. ஒரு வேலையை அக்கு அக்காகப் பிரித்துப் பார்ப்பது. சாம்பிளுக்கு டீ போடுவதை எடுத்துக்கொள்வோம். சும்மா யோசிங்க, எத்தனை படி இருக்கும்?

பாத்திரத்தை எடுக்கணும். தண்ணீர் எவ்வளவு என்று அளக்கணும். அடுப்பைப் பற்ற வைக்கணும். டீத்தூள் டப்பாவை ஒரு கையால் பிடித்து மறு கையால் திறக்கணும். பால் பொங்குமுன் கவனிக்கணும். சூட்டை உணரணும். வடிகட்டியைப் பிடித்தபடி ஊற்றணும். கடைசியில் அடுப்பை அணைக்கணும்.

இப்போ மூன்று பேரை இந்தச் சமையலறையில் நிறுத்துங்கள். ஒரு கை செயலிழந்தவருக்கு டப்பா திறப்பதில் சிக்கல். டப்பாவுக்கு அடியில் ஈரத்துணி போட்டால் அது நகராது, ஒரு கையாலேயே திறக்கலாம். மறதி நோய் உள்ளவருக்கு இரண்டு கையும் ஜோர். ஆனால் அடுப்பை அணைக்க மறந்துவிடுவார். தொழுநோயால் கையில் உணர்ச்சி போனவருக்கு எல்லாமே முடியும். ஆனால் சூடான பாத்திரத்தைப் பிடித்தால் சுடுவதே தெரியாது. கை வெந்துபோன பிறகுதான் பார்ப்பார். அவருக்குத் தேவை துணி சுற்றிய கைப்பிடி, அதோடு 'தொடும் முன் பார்' என்ற பழக்கம்.

டீ ஒன்றுதான். அறுந்துபோகிற இடம் ஆளுக்கு ஆள் வேறு. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கிற கண்ணைத்தான் ஃபீல்டு ஒர்க் உங்களுக்குக் கொடுக்கிறது.

ஐந்து வாசல்கள்

கல்லூரிக்குக் கல்லூரி வரிசை மாறும். ஆனால் பெரும்பாலும் இந்த ஐந்து வாசல்களில் நுழைந்துதான் வெளியே வர வேண்டும்.

1. பக்கவாத வார்டு

வலது மூளையில் அடி விழுந்தால் இடது பக்கம் செயலிழக்கும். சிலருக்கு அதோடு இன்னொரு விநோதமும் சேரும். இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை மறந்துவிடும். கண்ணில் கோளாறு இல்லை, ஆனாலும் தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, 'சோறு பத்தலை' என்பார். வாழை இலையின் இடது ஓரத்து உப்பும் ஊறுகாயும் அவரைப் பொறுத்தவரை பரிமாறப்படவே இல்லை! வீட்டில் 'பெரிசு வம்பு பண்ணுது' என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். தட்டின் இடது ஓரத்தில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு கோடு போட்டு, 'அந்தக் கோடு தெரியிற வரைக்கும் திரும்பிப் பாருங்க ஐயா' என்று பழக்குவது உங்கள் வேலை.

இடது மூளையில் அடி என்றால் வலது கை போகும், சிலருக்குப் பேச்சும் சேர்ந்து போகும். 'இடது கையால் சாப்பிடுங்க' என்று சொல்லிப் பாருங்கள்! பல பேர் பட்டினி கிடந்தாலும் கிடப்பார்கள், அடுத்தவர் முன்னால் அதைச் செய்ய மாட்டார்கள். நம்ம ஊரில் இடது கைக்கு இருக்கிற இடம் உங்களுக்குத் தெரியாதா என்ன? வெளிநாட்டுப் புத்தகத்தில் இதற்குத் தீர்வு இல்லை. ஸ்பூன் கொடுத்துப் பார்க்கலாம், திரை மறைவில் சாப்பிட வைக்கலாம், வலது கைக்குத் தடித்த கைப்பிடி போட்ட கரண்டியைப் பழக்கலாம். எதுவானாலும் முதலில் அவரையே கேட்க வேண்டும்.

'பார்த்தெல் இன்டெக்ஸ்' என்று ஒரு அளவுகோல் உண்டு. 1965-ல் வெளியானது. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, மாடி ஏறுவது என 10 விஷயங்களுக்கு மொத்தம் 100 மார்க். அதில் சாப்பாட்டுப் பகுதியில் வெட்டுவதும் வெண்ணெய் தடவுவதும் உதாரணமாக வரும். வெண்ணெய்க்கு நம்ம தாத்தா எங்கே போவார்? சாம்பார் சாதத்தைப் பிசைந்து, உருட்டி, சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோகிறாரா என்று பார்க்க வேண்டியது நீங்கள்தான்.

2. கை கிளினிக்

பிரஸ்ஸில் நசுங்கிய விரல், கண்ணாடி கிழித்த மணிக்கட்டு, பட்டாசில் வெந்த உள்ளங்கை... கைத் தசைநாணைத் தைத்த முதல் சில வாரங்கள் ரொம்ப முக்கியம். அசைக்காமலே விட்டால் ஒட்டிக்கொள்ளும். அதிகமாக இழுத்தால் தையல் பிய்ந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே நடக்கிற கயிற்று நடைதான் உங்கள் சிகிச்சை.

இங்கேதான் 'ஸ்ப்ளின்ட்' செய்யக் கற்றுக்கொள்வீர்கள். வெந்நீரில் போட்டால் இளகும் பிளாஸ்டிக் தகடு. எடுத்துத் துடைத்துக் கையின் வளைவுக்கு ஏற்ப வடித்தால் ஆறியதும் இறுகிவிடும். பார்க்க ஈஸியாக இருக்கும். மாட்டிச் சிறிது நேரம் கழித்துக் கழற்றிப் பாருங்கள். தோலில் சிவந்த தடம் மறையாமல் நின்றால், நீங்கள் செய்தது ஸ்ப்ளின்ட் இல்லை, புண்ணுக்கு அஸ்திவாரம்!

கை மறுவாழ்வு என்றால் வேலூரை விட்டுவிட முடியாது. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, தசைநாண்களை இடம் மாற்றி நிமிர்த்துகிற அறுவை சிகிச்சையை 1940-களின் கடைசியில் டாக்டர் பால் பிராண்ட் வளர்த்தெடுத்தது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான். அங்கே பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு சாலை விபத்தில் சிக்கி, இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தார். 'இனி டாக்டர் வேலை அவ்வளவுதான்' என்று ஒதுங்கவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் அங்கே தொடங்கிய மறுவாழ்வு நிலையம் அவர் தலைமையில் வளர்ந்தது. சக்கர நாற்காலியைக் காட்டிப் பரிதாபப்படுகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

3. குட்டீஸ் ஏரியா

ஊஞ்சல், பந்து, மணல் தொட்டி, கலர் கலராக வளையங்கள். 'ஜாலி போஸ்டிங்டா!' என்று நினைத்துப் போகிறவர்கள்தான் முதல் வாரத்தில் அதிகம் களைத்துத் திரும்புவார்கள். மூளை முடக்குவாதம், ஆட்டிசம், கற்றல் குறைபாடு என்று வருகிற குழந்தைகளுக்கு விளையாட்டுதான் தொழில்; அதனால் விளையாட்டுதான் மருந்து. ஊஞ்சலில் வைத்து எவ்வளவு வேகம், எந்தப் பக்கம், எத்தனை நிமிஷம் என்பதெல்லாம் கணக்குப் போட்டுத்தான் நடக்கும்.

ஆனால் இந்த வாசலில் உங்கள் நிஜமான பேஷன்ட், கூட வந்திருக்கும் அம்மா. இடுப்பில் ஆறு வயசுப் பிள்ளையைச் சுமந்து, இரண்டு பஸ் மாறி வந்திருப்பார். வீட்டில் இன்னொரு குழந்தை, மாமியார், மாடு. அவரிடம் போய், 'தினமும் மூணு வேளை, ஒரு மணி நேரம் இந்தப் பயிற்சியைச் செய்யுங்க' என்று நீட்டி முழக்கினால் தலையாட்டிவிட்டுப் போவார். செய்ய மாட்டார், செய்ய முடியாது. அதற்குப் பதிலாக, 'குளிக்க வைக்கும்போது சொம்பை அவனை ரெண்டு கையாலும் பிடிக்கச் சொல்லுங்கம்மா', 'டவுசர் போடும்போது காலை அவனையே நீட்டச் சொல்லி அஞ்சு எண்ணுங்க' என்று சொல்லிப் பாருங்கள். எப்படியும் நடக்கிற வேலைக்குள் பயிற்சியை ஒளித்துவைப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

4. மனநல மருத்துவமனை

எல்லோரும் பயந்துகொண்டே போகிற வாசல். சினிமா பார்த்துக் கெட்டுப்போன மூளை நமக்கு! உள்ளே போனால், ஒரு மூலையில் உட்கார்ந்து பீடி கேட்கும் அண்ணனும், 'நீ எந்த ஊரு கண்ணு?' என்று விசாரிக்கும் அக்காவும்தான் இருப்பார்கள்.

சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநல நிலையத்தின் வரலாறு 1794-ல் ஆரம்பிக்கிறது. அங்கே 'இன்டஸ்ட்ரியல் தெரபி' என்ற பெயரில் பேஷன்ட்டுகள் ரொட்டி சுடும் வேலை பல வருஷங்களாகப் பிரபலம். ரொட்டி சுட்டால் மனநோய் போய்விடுமா? யோசித்துப் பாருங்கள். காலையில் குறித்த நேரத்துக்கு எழணும். மாவை அளந்து போடணும். பக்கத்தில் இருப்பவரோடு ஒத்துப்போகணும். வெந்துவிட்டதா என்று கவனம் வைக்கணும். எல்லாவற்றுக்கும் மேலே, 'நீ வந்தாத்தான் வேலை நடக்கும்' என்று ஒருவர் எதிர்பார்க்கிறார். பல வருஷம் யாருமே எதிர்பார்க்காத ஒரு மனுஷனுக்கு அது சாதாரண விஷயம் இல்லை.

இதில் ஒரு எல்லைக்கோடும் இருக்கிறது. 2017-ஆம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, சிகிச்சைக்கு வந்தவரை வேலை செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. செய்தால் தக்க ஊதியம் தரணும். பயிற்சியா, சும்மா உழைப்பு வாங்குவதா என்ற வித்தியாசம் போஸ்டிங் முழுக்க உங்கள் மண்டையில் இருக்கட்டும்.

5. ஊருக்குள்ளே

ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலியில் பறந்தவர், வீட்டுக்குப் போனதும் கட்டிலோடு முடங்கிவிடுகிறார். ஏன்? போய்ப் பார்த்தால்தான் தெரியும். வாசலில் ஒரு அடி உயரத் திண்ணை. தெருவில் மணல். கழிப்பறை கொல்லைப்புறத்தில், அதுவும் குத்த வைத்து உட்காருவது.

சாய்தளத்துக்கு ஒரு பொதுக் கணக்கு உண்டு: 1-க்கு 12. ஒரு அடி உயரத்தை ஏற 12 அடி நீளச் சாய்தளம் வேண்டும். வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே மொத்தமே நாலு அடிதானே இருக்கு! அப்போ என்ன செய்வது? பக்கவாட்டில் திருப்பலாமா, பின்வாசலில் இடமிருக்கா, படியை இரண்டாகப் பிரிக்கலாமா என்று வீட்டுக்காரரோடும் கொத்தனாரோடும் உட்கார்ந்து பேசணும். அந்த நிமிஷம் உங்கள் அனாட்டமி மார்க் எதற்கும் உதவாது. கழிப்பறைக்கு, நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியே பல வீடுகளில் பெரிய விடுதலை.

கிராமத்து மறுவாழ்வுப் பணி என்றால் தென்காசி பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் நினைவுக்கு வரும். கடற்படைத் தேர்வில் கழுத்துக்குக் கீழே உணர்வை இழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981-ல் ஆரம்பித்தது. மறுவாழ்வை ஊருக்குள் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்பதற்கு நம் பக்கத்து உதாரணம்.

இதுல மட்டும் விளையாட்டு வேண்டாம்!

மாணவர்தானே என்று உடம்பு சலுகை தராது. கீழே இருப்பதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

* பக்கவாதம் வந்தவரைச் செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தளர்ந்த தோள்மூட்டு நழுவிவிடும். அந்த வலி மாதக்கணக்கில் நிற்கும்.

* சட்டை போடும்போது பாதிக்கப்பட்ட கை முதலில். கழற்றும்போது அந்தக் கை கடைசியில்.

* தண்டுவடம் அடிபட்டவருக்குப் பிட்டத்தில் உணர்வு இருக்காது. சக்கர நாற்காலியில் இருக்கும்போது 15 முதல் 30 நிமிஷத்துக்கு ஒரு முறை உடம்பைத் தூக்கியோ சாய்த்தோ எடையை மாற்றப் பழக்குங்கள். ஒரு படுக்கைப் புண் வந்தால் ஆறு மாத முன்னேற்றம் போயே போச்சு.

* மார்புப் பகுதி தண்டுவடத்தின் 6-ஆம் மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர் திடீரென்று தலைவலி மண்டையைப் பிளக்கிறது என்றால், முகம் சிவந்து வியர்த்தால், அது சாதாரணத் தலைவலி என்று விடாதீர்கள். ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கலாம். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்தபடியே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

* தொடும் முன் கேளுங்கள். 'ஐயா, தோளைப் பிடிக்கிறேன், சரியா?' இரண்டு நொடிதான் ஆகும். அப்புறம், படுக்கை நம்பரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். அவருக்குப் பெயர் இருக்கு.

* பேஷன்ட்டோடு செல்ஃபி, வீடியோ, ஸ்டேட்டஸ்... மூச்! 'நல்ல விஷயம்தானே?' என்பதெல்லாம் செல்லாது. அவர் வாழ்க்கை உங்கள் லைக்குக்கு இல்லை.

லாக் புக் - அந்த ஒரு பொய்

வெள்ளிக்கிழமை மதியம். ஊருக்குப் போக பஸ் இருக்கு. லாக் புக்கில் இன்னும் இரண்டு கேஸ் எழுதணும். 'கட்டிலில் இருந்து கழிப்பறை நாற்காலிக்குத் தானாக மாறுகிறார்' என்று பார்க்காமலேயே ஒரு வரி எழுதினால் என்ன குடி முழுகிவிடும்?

முழுகும். அந்த வரியைப் படித்துத்தான் அடுத்த தெரபிஸ்ட் அடுத்த படிக்குப் போவார். அதை நம்பித்தான் 'வீட்டுக்குப் போகலாம்' என்று முடிவாகும். ஆள் உதவி தேவையில்லை என்று நினைத்து மகன் வேலைக்குப் போவான். நடு ராத்திரி கழிப்பறைக்குப் போக எழுந்தவர் விழுந்தால் உடைவது இடுப்பு. அந்த வரியை எழுதிய கை யாருடையது என்று யாருக்கும் தெரியவே போவதில்லை. அதனால்தான் அது பயங்கரம்.

பார்க்கவில்லை என்றால் 'இன்று மதிப்பிடவில்லை' என்று எழுதுங்கள். சூப்பர்வைசர் இரண்டு திட்டு திட்டுவார். வாங்கிக்கொள்ளுங்கள், செலவு கம்மி.

குறிப்பு எழுத ஒரு சுலபமான வரிசை: அவர் சொன்னது என்ன, நீங்கள் கண்ணால் பார்த்ததும் அளந்ததும் என்ன, அதிலிருந்து உங்களுக்குப் புரிவது என்ன, அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள். இந்த நாலையும் ஒன்றோடொன்று குழப்பாமல் எழுதத் தெரிந்தால் பாதி தெரபிஸ்ட் ஆகிவிட்டீர்கள்.

மேடம் திட்டிட்டாங்களா?

எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்பார்கள். தெரியாமல் முழிப்பீர்கள். ஹாஸ்டலுக்கு வந்து தலையணை நனையும். இதெல்லாம் சிலபஸில் இல்லாத பாடங்கள்.

ஒரு வழி இருக்கு. திட்டு வாங்கிய அன்றே, சூடு ஆறியதும், 'மேடம், நாளைக்கு இதே பேஷன்ட்டுக்கு நான் முதல்ல எதை மாத்திச் செய்யணும்?' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நிறைய சீனியர்கள் கேள்வி கேட்கிற ஜூனியருக்காகக் காத்திருப்பார்கள். ஒரு சூப்பர்வைசர் காலையிலிருந்து இருபது பேரைப் பார்த்துவிட்டுத்தான் உங்களுக்கும் சொல்லித்தருகிறார் என்பதையும் மனசில் வையுங்கள்.

அதற்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளவும் வேண்டாம். திட்டுவது வேறு, அவமானப்படுத்துவது வேறு. யாராவது தப்பாகப் பேசினால், தொட்டால், அது டாக்டரோ பேஷன்ட்டின் உறவினரோ யாராக இருந்தாலும், அன்றைக்கே கல்லூரியில் சொல்லுங்கள். அங்கே அதற்கென உள் புகார்க் குழு இருக்கணும். வீடுகளுக்குப் போகும்போது தனியாகப் போகாதீர்கள், ஜோடியாகப் போங்கள். போகிற இடத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

போஸ்டிங் முடியுது... அப்புறம்?

யாரும் சொல்லித்தராத கஷ்டமான பாடம் இது. எட்டு வாரம் தினமும் பார்த்திருப்பீர்கள். முதல் வாரம் விரலே அசையாத பாட்டி, இப்போது உங்களைப் பார்த்ததும் டம்ளரைத் தூக்கிக் காட்டுகிறார். அடுத்த திங்கள்கிழமை உங்களுக்கு வேற ஆஸ்பத்திரி.

'மறுபடி எப்போ வருவே கண்ணு?'

'அடுத்த வாரம் வர்றேன் பாட்டி' என்று சிரித்துவிட்டு வந்துவிடுவது ரொம்பச் சுலபம். அவர் அடுத்த வாரம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பயிற்சியும் அன்றோடு நின்றுபோகும்; ஏனென்றால் அவர் உங்களுக்காகத்தான் செய்தார்.

அதனால் கடைசி நாளை முதல் நாளே சொல்லிவிடுங்கள். 'நான் எட்டு வாரம் இருப்பேன் பாட்டி, அதுக்குள்ள இதைக் கத்துக்குவோம்.' கடைசி இரண்டு வாரம் பயிற்சிகளை நீங்கள் செய்யாமல் மகளையோ மருமகளையோ செய்ய வையுங்கள். பன்னிரண்டு பயிற்சிகள் எழுதிய அச்சுத் தாள் வேண்டாம். மூன்றே மூன்று, படம் வரைந்து, எந்த வேளை என்று குறித்துக் கொடுங்கள். அடுத்த பேட்ச் மாணவரை அழைத்துப்போய் நேரில் அறிமுகப்படுத்துங்கள். அவருக்குப் பிடித்த பேச்சு, பிடிக்காத பயிற்சி, வலிக்கிற மூட்டு, எல்லாவற்றையும் ஒப்படையுங்கள். இந்த ஒப்படைப்பு இல்லையென்றால் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் அவர் புதுசாக முதல் நாளிலிருந்து பரிசோதனை எலி ஆகிறார்.

இன்னொரு கேள்வி கண்டிப்பாக வரும். 'என் கை பழையபடி ஆயிடுமா தம்பி?' 'கண்டிப்பா ஆயிடும்!' என்று வாய் துறுதுறுக்கும். அடக்குங்கள். உங்களுக்குத் தெரியாது. 'அது எனக்குத் தெரியலீங்கய்யா, சார்கிட்ட சேர்ந்தே கேட்போம். இன்னைக்கு இந்த டம்ளரைத் தூக்கிப் பார்ப்போமா?' இது ஏமாற்றமும் தராது, பொய்யும் சொல்லாது.

குட்டிப் பெட்டி: இது எப்போ ஆரம்பிச்சது?

அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து, இந்த மண்ணிலேயே தங்கிவிட்ட கமலா நிம்ப்கர்தான் இந்தியாவில் இந்தத் துறையின் முன்னோடி. 1950-ல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் முதல் ஓ.டி. பள்ளியைத் தொடங்கினார். 1952-ல் அகில இந்திய ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகள் சங்கம் உருவானது. அதே வருஷம் உலகக் கூட்டமைப்பு பிறந்தபோது அதைத் தொடங்கிய 10 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அக்டோபர் 27 உலக ஓ.டி. தினம். அன்றைக்காவது 'ஆபரேஷன் தியேட்டரா?' என்று கேட்காதீங்க!

குட்டிப் பெட்டி: சேரும் முன் கேளுங்க

* இந்தப் படிப்புக்கு உலகக் கூட்டமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா? நாளைக்கு வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் முதல் கேள்வியே இதுதான்.

* எத்தனை மணி நேரம் களப் பயிற்சி? எந்தெந்த இடங்களில்? ஒரே ஆஸ்பத்திரியைச் சுற்றிச் சுற்றி வருகிறதா, மனநலமும் கிராமமும் உண்டா?

* ஒரு சூப்பர்வைசருக்கு எத்தனை மாணவர்கள்?

* பஸ் செலவு, ஸ்ப்ளின்ட் பொருள் செலவு யாருடையது?

* துணை மருத்துவத் துறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-ல் வந்தது. ஓ.டி.யும் அதில் அடக்கம். பதிவு, பாடத்திட்ட விதிகளைக் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

* சேர்ந்த பிறகு: கையெழுத்தான லாக் புக்கின் நகலைப் பத்திரமாக வையுங்கள். வேலைக்கும் மேல்படிப்புக்கும் அந்த மணி நேரக் கணக்கைக் கேட்பார்கள்.

வேற குரூப்பா நீங்க?

இன்ஜினீயரிங், ஆர்ட்ஸ், சட்டம் என்று எதைப் படித்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்து பாருங்கள். காலையிலிருந்து இரவு வரை, நீங்கள் எழுதும் கையைப் பயன்படுத்தவே கூடாது. பல் தேய்ப்பு, சாப்பாடு, தலை சீவல், பட்டன், செருப்பு, எல்லாம் மறு கையால். மதியத்துக்குள் எரிச்சல் வரும். சாயந்தரம் யாரிடமாவது உதவி கேட்பீர்கள், கேட்கக் கூசும். ராத்திரி அந்தக் கூச்சத்தை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். அதற்குப் பிறகு 2016-ல் வந்த சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்திருக்கிறது. இவர்களில் பெரும்பாலானவர்கள் ஒரு ஓ.டி.யை வாழ்நாளில் பார்த்திருக்கவே மாட்டார்கள். பார்க்கிற சிலருக்கு முதலில் கிடைப்பது பட்டம் வாங்காத, கை நடுங்குகிற, லாக் புக்கோடு நிற்கிற ஒரு மாணவர். அது நீங்களாக இருக்கலாம்.

உங்களுக்கு அது ஆயிரம் மணி நேரத்தில் ஒரு மணி நேரம். அவருக்கு அது இன்றைய சாப்பாட்டைத் தன் கையால் சாப்பிடுகிறாரா, ஊட்டிவிடச் சொல்லிக் காத்திருக்கிறாரா என்ற கேள்வி.

ஆல் தி பெஸ்ட். கோட்டு பாக்கெட்டில் பேனா இருக்கா, பார்த்துக்கோங்க!